வரைபடத்தில் விடுபட்ட மலாயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான பசிபிக் போர் குறித்த கட்டுரையில், "அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது, வேறு வழியில்லாத ஜப்பான் போரில் இறங்கியது" என்று ஒரே வரியில் ஒரு பெரும்போரின் காரணம் முடிந்துவிடுகிறது. அடுத்த வரியில் ஹவாய்த் தீவிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர். அதற்கடுத்த பத்தியில் ஹிரோஷிமா. வரலாற்றை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்று முன்பே தெரிந்திருந்தால், பள்ளியில் அப்பாடத்தை நடத்திய காலமெல்லாம் நான் தொண்டை வறளப் பேசியிருக்க மாட்டேன்.

எண்ணெய் நிறுத்தப்பட்டது உண்மைதான். 1941 ஜூலை 26 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. ஆகஸ்டில் எண்ணெய் ஏற்றுமதி அறவே நின்றது. பிரிட்டனும், இன்றைய இந்தோனேசியாவான டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் அதே வழியில் சென்றன. ஜப்பான் தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடமிருந்தே வாங்கிவந்தது என்பதும், கையிருப்பு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்று அதன் கடற்படைத் தலைமை கலங்கியது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. ஆனால், பிரெஞ்சுக் காலனியான இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) தெற்குப் பகுதிக்குள் ஜப்பானியப் படை நுழைவதற்கான ஏற்பாடு முடிந்த அதே வாரத்தில்தான் இந்த முடக்கம் வந்தது என்பதைக் கட்டுரை ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்தைய ஆண்டு வடக்கு இந்தோசீனா, 1937 முதல் சீனாவுடன் முழுப் போர், 1931இல் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியா என்று பத்தாண்டுகளாக நீண்ட வரிசையில் ஒன்றுகூட அதில் இடம்பெறவில்லை. பிறர் வயலை மேய்ந்த மாட்டைப் பிடித்துக் கட்டியதுதான் சண்டைக்குக் காரணம் என்று வழக்காடுவதைப் போல இருக்கிறது.

அமெரிக்காவுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். சீன நகரங்கள் மீது குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே ஜப்பானுக்கு எண்ணெயும் பழைய இரும்பும் விற்றுக் காசு பார்த்த நாடு அது. இரும்பை நிறுத்த அதற்கு 1940 செப்டம்பர் வரை மனம் வரவில்லை. 1919இல் பாரிஸ் மாநாட்டில் இனச் சமத்துவத்தை ஏற்கும்படி ஜப்பான் கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பெரும்பான்மையோர் ஆதரவளித்தபோதும், ஒருமித்த ஒப்புதல் இல்லை என்று கூறி அதைத் தள்ளியவர் தலைமையிலிருந்த அமெரிக்க அதிபர் வில்சன். 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஜப்பானியருக்குக் கதவையே சாத்தியது. பிலிப்பைன்ஸைக் கையில் வைத்துக்கொண்டே ஆசியாவின் சுதந்திரம் பற்றி உபதேசம் செய்த நாடும் அதுவே. ஜப்பானுக்கு மனக்குறைகள் இருந்தன. அவற்றில் சில நியாயமானவை. ஆனால் அந்தக் குறைகளுக்கான விலையை, 1937இல் ஜப்பானியப் படை படுகொலை நடத்திய சீன நகரான நான்ஜிங்கின் மக்கள் ஏன் தர வேண்டும் என்பதற்கு எந்தக் கட்டுரையிலும் நான் பதில் கண்டதில்லை.

வேறு வழி இருந்தது, ஐயா. சீனாவிலிருந்து படையை விலக்கிக்கொள்வதே அந்த வழி. அந்தப் பேச்சை ராணுவ அமைச்சராக இருந்த டோஜோ ஏற்க மறுத்தார், அக்டோபரில் பிரதமர் கொனோயே பதவி விலகினார், டோஜோவே பிரதமரானார். நவம்பர் 26 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல், சீனாவிலிருந்து விலகக் கோரும் தம் குறிப்பை ஜப்பானியத் தூதர்களிடம் தருவதற்கு முன்பே, பேச்சுவார்த்தை வெற்றி பெற்றால் திரும்பிவிடலாம் என்ற நிபந்தனையோடு, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் வடக்கே குரில் தீவுகளிலுள்ள ஹிட்டோகாப்பு விரிகுடாவை விட்டு ஹவாயை நோக்கிப் புறப்பட்டுவிட்டன. வழி தெரியாமல் தவித்தவர்கள் செய்த காரியமாக இது எனக்குத் தோன்றவில்லை. இருந்த வழி பிடிக்காதவர்கள் செய்த காரியமாகவே தோன்றுகிறது.

தங்கள் இதழில் இது புதிதும் அல்ல. ஒவ்வோர் ஆகஸ்டிலும் அணுகுண்டுக்குச் சிறப்புப் பக்கங்கள் வருகின்றன. வரட்டும், அந்தக் கொடுமை நினைக்கப்பட வேண்டியதே. ஆனால் ஆகஸ்டுக்கு முன்னும் போருக்கு மாதங்கள் உண்டு என்பது அப்பக்கங்களைப் படித்தால் தெரியாது. நேதாஜி பற்றிய தொடரில் ஜப்பான் ஏறக்குறைய நம் விடுதலைக்காகவே போர் தொடுத்தது போன்ற தொனி வாரந்தோறும் ஏறிக்கொண்டே போனது. அப்போது நான் எழுதிய விரிவான மறுப்பைத் தாங்கள் பிரசுரித்தீர்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். "தொடர் விறுவிறுப்பாகச் செல்கிறது" என்ற என் முதல் வாக்கியம் மட்டும் அச்சாகியிருந்தது.

இந்தக் கோபத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் உண்டு. பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்பே மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கிவிட்டது. அந்த மலாயாவில்தான் என் தந்தை ரப்பர் தோட்டத்துப் பிள்ளையாக வளர்ந்தார். பெரியப்பாவை, நல்ல கூலி என்று சொல்லி, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை, அந்தப் பாதையில் காலராவுக்கும் பட்டினிக்கும் பலியான பல்லாயிரம் தமிழரில் அவரும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஜப்பானுக்கு வேறு வழியில்லை என்ற விளக்கத்தை அப்பாவிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை அச்சில் ஏற்ற முடியாது.

என் வேண்டுகோள் சிறியது. கட்டுரையோடு வெளியான வரைபடத்தில் ஜப்பானிலிருந்து ஹவாய்க்கு ஒரே ஓர் அம்புக்குறி மட்டும் இருக்கிறது. ஜப்பான் தேடிப்போன எண்ணெய் ஹவாயில் இல்லை. அது சுமத்ராவின் பாலெம்பாங்கிலும் போர்னியோவிலும் இருந்தது. அமெரிக்கக் கடற்படை குறுக்கே வந்துவிடக் கூடாது என்பதற்காகவே முதலில் ஹவாயைத் தாக்கினார்கள். கோத்தா பாருவையும் பாலெம்பாங்கையும் சேர்த்து, தெற்கு நோக்கி ஓர் அம்புக்குறியும் இட்டு, அந்த வரைபடத்தை அடுத்த இதழில் மறுபடி வெளியிடுங்கள். இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், இம்முறை இதில் பாராட்டு வாக்கியம் எதையும் நான் வைக்கவில்லை என்பதையும் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், புதுக்கோட்டை