கீமோ குழந்தைக்கு ஜுரம் வந்தால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பிடித்துவிட்டால் தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் குழந்தைக்கு ஜுரம் என்றதும் தெருமுனைக் கடையில் பாரசிட்டமாலும் கூடவே செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக்கும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது எந்தக் குழந்தைக்கும் தப்புதான். பரேல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ (புற்றுநோய் மருந்து) ஏற்றிக்கொண்டிருக்கும் குழந்தைக்கோ உயிருக்கே ஆபத்து.

கீமோ ஏறிய பின் பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இறங்கும். கிருமியோடு போராடும் வெள்ளணுவான நியூட்ரோபில் 500-க்குக் கீழே போனால், குடலில் சும்மா கிடந்த கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் புண்ணான குடல் சுவர் வழியாக ரத்தத்தில் ஏறிவிடலாம். இவற்றில் பல இன்று மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கே அடங்குவதில்லை. என்டிஎம் என்ற நொதி அந்த மருந்தையே உடைத்துவிடுகிறது. பிறகு சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய கோலிஸ்டின், அல்லது செஃப்டாசிடிம்-அவிபாக்டமுடன் அஸ்ட்ரியோனம் என்று போக வேண்டும். கடையில் வாங்கிய செஃபிக்ஸிம் என்ன செய்கிறது? அடங்குகிற கிருமிகளைக் கொன்று, அடங்காதவற்றுக்குக் குடலில் இடம் ஒழித்துக் கொடுக்கிறது. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சரில் அது வளராமல் போகவும் அதுவே காரணமாகலாம்.

கல்ச்சர் எடுப்பதிலும் கவனம் வேண்டும். மருந்து ஏற்றக் கை நரம்பு வழியே நெஞ்சு வரை போட்டிருக்கும் பிக் லைனின் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு குப்பி, கை நரம்பில் தனியாகக் குத்தி ஒரு குப்பி. குழந்தை அழுகிறதே என்று அரை மில்லியோடு நிறுத்தினால் கிருமி சிக்காமல் போகலாம். லைன் குப்பி கை நரம்புக் குப்பியைவிட 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக் கிருமியைக் காட்டினால், தொற்று லைனில்தான் என்று சந்தேகம். இரண்டிலும் ரத்தம் ஒரே அளவு இல்லாவிட்டால் இந்தக் கணக்கே பொய்யாகிவிடும். லைனை உப்புநீர் செலுத்திக் கழுவியதும் (ஃப்ளஷ்) குளிர் நடுக்கம் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். லைன் மூடியை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்ட பிறகே ஊசி. அவசரத்தில் தவறிப்போவது இந்தக் காயவிடுதல்தான்.

வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். ஆசனவாயில் வைக்கவே கூடாது. ஒரு தடவை 101, அல்லது ஒரு மணி நேரம் விடாமல் 100.4 காட்டினால் உடனே கிளம்புங்கள். பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்கு ஜுரமே தெரியாமல் போகலாம். சோர்வு, வயிற்று வலி, கை கால் சில்லிடுதல் இருந்தாலே போதும், கிளம்புங்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்து 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும்.

செஃபிக்ஸிம் 2014 முதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் ஏறி, 3 வருடம் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை அதிகாரிகள் திறந்து பார்க்கட்டும்.

பகுதி டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். கீமோ கார்டைப் பார்த்தால் மாத்திரை எழுதாமல் அந்த வார்டுக்குப் போன் போடுங்கள். வெள்ளத்தில் ரயில் நின்று பரேல் போகவே முடியாத நாளில் மட்டும், அவர்கள் சொல்லும் ஊசியை நரம்பில் போட்டு அனுப்புங்கள். அன்று கல்ச்சர் எடுக்க வசதி இல்லாவிட்டாலும் ஊசி காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்கள் இருவர்,
மாட்டுங்கா, மும்பை