வெள்ளகவியில் யாரும் செருப்புப் போடுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன்பு உங்கள் ஞாயிறு இணைப்பில் கொடைக்கானல் பற்றி ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. டால்பின் நோஸ் பாறை நுனியில் ஒரு பையன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற படம், பாதிப் பக்கத்துக்கு. படம் நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாறையோடு பாதை முடிந்துவிடுகிற மாதிரி எழுதிவிட்டீர்கள். அதைத் தாண்டி அந்தப் பாதை வெள்ளகவி என்கிற ஊருக்கு இறங்குகிறது. அந்த ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடித் துண்டு பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

எனக்குப் பெரியகுளம். வீட்டு மாடியில் நின்றால் கொடைக்கானல் மலை சுவர் மாதிரி எதிரே நிற்கும். ராத்திரியில் மேலே விளக்குகள் தெரியும். ஐம்பத்தி நான்கு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், பஸ்ஸில் எத்தனையோ தடவை போயும் வந்திருக்கிறேன், ஆனால் அந்தச் சுவரில் ஒரு அடி நடந்தது கிடையாது. போன தை மாதம் என் மச்சான் சென்னையிலிருந்து வந்திருந்தார். டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார் என்று ஷூ எல்லாம் புதிதாக வாங்கி வைத்திருந்தார். சரி, இந்தத் தடவையாவது போய்விடுவோம் என்று, முறைப்படி அனுமதி வாங்கி, அந்த ஊர்க்காரர் ஒருவரையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, கொடைக்கானலை ஒட்டியிருக்கிற வட்டக்கானலிலிருந்து காலை ஏழரைக்கு இறங்க ஆரம்பித்தோம்.

வட்டக்கானலை எல்லோருக்கும் தெரியும். இஸ்ரேல் பிள்ளைகள் வந்து மாதக்கணக்கில் தங்குகிற இடம், கடை போர்டில் ஹீப்ரூ எழுத்துகூட இருக்கும். அங்கிருந்து டால்பின் நோஸ் வரை இறக்கம் ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் மண் எல்லாம் கரைந்துபோய் மரத்து வேர்கள் மட்டும் படிக்கட்டு மாதிரி நிற்கின்றன. பனி ஈரத்தில் அந்த வேர் மேல் காலை வைத்தால் சறுக்கும், வேருக்கு நடுவில் வைத்தால் மாட்டும். வழியில் தகரக் கொட்டகை போட்டு பிரெட் ஆம்லெட், மேகி, டீ, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் எல்லாம் விற்கிறார்கள். மச்சான் இறங்கும்போதே இரண்டு கடையில் நின்றுவிட்டார்.

பாறைக்குப் போனதும் எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. படத்தில் பார்ப்பது வேறு. பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். மூடுபனி கீழேயிருந்து ஏறி வருகிறது, மூஞ்சியில் ஈரமாகப் படுகிறது, அப்புறம் யாரோ திரைச்சீலையை இழுத்த மாதிரி விலகினால் கீழே எங்கள் ஊர்! மாந்தோப்புகள் கறுப்புப் பச்சையாக, நடுவில் ஒரு நீர்ப்பரப்பு மின்னுகிறது. அது சோத்துப்பாறை அணையா மஞ்சளாறு அணையா என்று எனக்கும் மச்சானுக்கும் கால் மணி நேரம் வாக்குவாதம். வழிகாட்டி இரண்டுமில்லை என்று சொல்லி ஒரு கண்மாய்ப் பேரைச் சொன்னார். இத்தனை வருடம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த ஆள், முதல்முறையாக மேலேயிருந்து என் வீடு இருக்கிற திசையைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன், பனியும் இருந்தது.

அங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாறை நுனிக்குப் போய்ப் படம் எடுப்பதை உங்கள் பத்திரிகை பாதிப் பக்கத்துக்குப் போடாமல் இருக்கலாம். நாங்கள் இருந்த அரை மணி நேரத்தில் ஏழெட்டுப் பேர் அதே மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் ஈரப்பாறையில் ஹீல்ஸ் செருப்போடு நின்றதைப் பார்த்து வழிகாட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டால்பின் நோஸ் வரைதான் கூட்டம். அதைத் தாண்டினால் சத்தம் அடங்குகிறது, சோலைக்காட்டுக்குள் நம் மூச்சுச் சத்தம் நமக்கே கேட்கிறது. மலையணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவியதைப் பார்த்தோம், வாலே ஒரு முழம் இருக்கும். காட்டுமாட்டுச் சாணி புதிதாகக் கிடந்த இடத்தில் வழிகாட்டி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தான் மட்டும் பத்தடி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இதற்கெல்லாம்தான் ஆள் வேண்டும் என்பது. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதை எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. தீக்காயத்தோடு வந்த பிள்ளைகளைத் தேனி அரசு மருத்துவமனையில் பார்த்த ஊர் இது. 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையப் பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்தபோது, கட்டணம் அதிகம் என்று நானும்தான் டீக்கடையில் பேசினேன். அந்தச் சாணிக்கு முன்னால் நின்றபோது அந்தப் பேச்சு எல்லாம் போய்விட்டது.

இப்போது ஊருக்கு வருகிறேன். கொடைக்கானல் என்று ஒரு ஊர் உருவாவதற்கு முன்பே வெள்ளகவி இருந்தது. 1821இல் வார்டு என்கிற வெள்ளைக்கார சர்வேயர் மேலே ஏறி அளக்கப் போனது இந்த ஊரில் தங்கித்தான். அமெரிக்கப் பாதிரியார்கள் மேலே வந்து பங்களா கட்டியதே 1845இல்தான். ஆக, மேலே இருக்கிற ஊருக்கு வழி காட்டியது இந்த ஊர். மேலே போகிறவர்களுக்கு இன்றைக்கு இரண்டு பக்கமும் மலை ரோடு இருக்கிறது, வெள்ளகவிக்கு மட்டும் ரோடு கேட்டுக் கேட்டே தலைமுறைகள் போய்விட்டன. நாங்கள் ஆசைக்கு நடந்த பாதைதான் அவர்களுக்கு ரேஷனுக்கும், ஆஸ்பத்திரிக்கும், கல்யாணத்துக்கும். காப்பி, ஆரஞ்சு, எலுமிச்சை, பட்டர் ஃப்ரூட் எல்லாம் குதிரை முதுகில்தான் போகிறது. எதிரே மூன்று குதிரைகள் மூட்டையோடு ஏறி வந்தன. நாங்கள் பாதையோரம் செடிக்குள் ஒதுங்கி நின்றோம். முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிப் போவதைப் பற்றி வழிகாட்டி சொன்னார். "பகல்னா பரவாயில்லைண்ணே, ராத்திரி மழைன்னா நாலு பேரு பத்தாது, எட்டுப் பேரு வேணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

ஊர் எல்லைக்கு வந்ததும் செருப்பைக் கழற்ற வேண்டும். அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. சின்னப் பிள்ளையும் சரி, கிழவியும் சரி, வருகிற அதிகாரியும் சரி. வீடும் கோயிலும் கலந்து கிடக்கிற ஊர், எது தெரு எது கோயில் வாசல் என்று பிரிக்க முடியாது. ஊரே சாமி இருக்கிற இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. மச்சான் புது ஷூவின் லேஸை அவிழ்ப்பதற்குள் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "மெதுவா கழட்டுய்யா, ஊரு எங்க ஓடிரப் போகுது" என்றது. மண் சில்லென்று இருந்தது. வெறுங்காலோடு தெருவில் நடந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நடந்தது, அதற்கப்புறம் கோயில் பிராகாரத்தில் மட்டும்தான்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

திரும்பி ஏறும்போது, ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், வழிகாட்டி சட்டென்று குனிந்து எதையோ பொறுக்கினார். பீர் பாட்டில் அடிப்பாகம், பச்சைக் கண்ணாடி, உள்ளங்கை அளவு, ஒரு ஓரம் கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று, கழுத்துப் பாகம். கீழே எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. அதைத் துண்டு முனையில் முடிந்துகொண்டு நடந்தார். ஒரு வளைவில் பாறைக்கு அடியில் முயல் நுழைகிற அளவு ஒரு பொந்து. அதற்குள் கையை விட்டு வைத்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு குவியல். பச்சை, பழுப்பு, வெள்ளை எல்லாம் கலந்து, ஒரு அண்டா நிறைய வரும். அவரும் ஊரில் இரண்டு மூன்று பேரும் போக வரப் பொறுக்கிச் சேர்த்தது. "என்னண்ணே செய்யிறது, எங்க ஆளுக காலு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகச் செருப்பில்லாமல் நடக்கிற ஊர். அந்த ஊருக்குப் போகிற பாதை. அதில் உட்கார்ந்து குடித்துவிட்டு, காலி பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்து, அந்தச் சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று கேட்டு ரசித்துவிட்டுப் போகிறார்கள். அப்படி விளையாடுவதைத் தானே பார்த்திருப்பதாக வழிகாட்டி சொன்னார். அவர்களில் பாதிப் பேர் ஊர் எல்லையில் மரியாதையாகச் செருப்பையும் கழற்றுவார்களாம், அதைப் படமும் எடுத்துப் போடுவார்களாம். இது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் இருக்கிறது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது, வைத்திருந்தால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற திட்டமும் 2022இல் நீலகிரியில் ஆரம்பித்து இங்கேயும் வந்துவிட்டது. நல்ல திட்டம்தான், ரோட்டோரம் கிடந்த பாட்டில்கள் எவ்வளவோ குறைந்திருப்பதை பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம். ஆனால் ஒரு ராத்திரிக்கு நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்து ரூம் போடுகிறவனுக்குப் பத்து ரூபாய்க்காக ஒரு மணி நேர ஏற்றத்தில் காலி பாட்டிலைச் சுமக்க மனசு வராது. அதோடு, சோதனை எல்லாம் வண்டிக்குத்தான். வண்டியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்ததும், தோள்பையில் என்ன இருக்கிறது என்று, நான் போன அன்று, யாரும் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. டால்பின் நோஸுக்கு இறங்குகிற இடத்தில், அந்த முதல் கடைக்கு முன்னால், இரண்டு பேர் உட்கார்ந்து கண்ணாடி பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுக்கட்டும். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளட்டும். கோயிலில் செருப்புக்குச் செய்கிறோமே, அதே ஏற்பாடு. அந்த இரண்டு பேரும் வெள்ளகவிக்காரர்களாக இருந்தால் அவர்களுக்கும் ஒரு சம்பளம். பாறையைத் தாண்டி, கூட்டம் திரும்புகிற இடத்தில் ஒரு போர்டு வைக்கலாம், இங்கிருந்து கீழே ஓர் ஊர் இருக்கிறது, அங்கே எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்று. தமிழில் முதலில், அப்புறம் வேண்டுமானால் மலையாளத்திலும் ஹீப்ரூவிலும். எச்சரிக்கை, தடை, அபராதம் என்று சிவப்பில் எழுதிய போர்டை யாரும் படிப்பதில்லை. இதைப் படிப்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

இனிமேல் நீங்களும் அந்தப் பாறையைப் பற்றி எழுதினால் ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் இணைப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிற பிள்ளைகள் நிறைய. என் அக்கா மகனே அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து நண்பர்கள் குழுவில் போட்டிருக்கிறான், அடுத்த லீவுக்குப் போகலாம் என்று. போகட்டும், போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். நானே மறுபடியும் போகப் போகிறேன், மார்கழியில் ஒரு தடவை, பனி எப்படி இருக்கிறது என்று பார்க்க. போனால் அந்த ஊரில் அரைக் கிலோ காப்பிக்கொட்டையாவது வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். நாங்கள் வாங்கி வந்து வறுத்து அரைத்தது, வீடு பூராவும் வாசனை.

ஏற்றம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். மச்சான் ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்தார். கீழே பார்த்தால் பெரியகுளம் கையெட்டும் தூரத்தில் தெரிகிறது, ஆனால் எங்கள் அனுமதி ஊர் வரைக்கும்தான், ஆகவே மறுபடி உச்சிக்கு ஏறி, பஸ் பிடித்து, மலையைச் சுற்றி, ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் கக்கூஸில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியவில்லை, எழுதக் கூடாது, இருந்தாலும் உண்மை.

இதோடு ஒரு படம் இணைத்திருக்கிறேன். மலைக்காட்சி இல்லை, அது உங்களிடமே நிறைய இருக்கும். அந்தப் பொந்தை போன் டார்ச் அடித்து எடுத்தது. கொஞ்சம் மங்கல்தான், இடமிருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
பெரியகுளம் வாசகர் ஒருவர்