ஓடைக்கரைக்காரரின் பெயர்

ஹடர்ஸ்ஃபீல்ட், யார்க்‌ஷயர், இங்கிலாந்து
நவம்பர் 14

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம், ஆனால் எழுதுவதற்கு முழங்கால் எதற்கு என்று நீ கேட்பாய். பேரன் ஏதோ டி.என்.ஏ. சோதனைக்குப் பணம் கேட்கிறான், நம் வம்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடுமாம், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. இதே விஷயத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மாதம் அல்லாடியதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான்.

அவருடைய குடும்பப் பெயர் சைக்ஸ். இந்த வட்டாரத்தில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. நான் கம்பளி ஆலையில் சேர்ந்த புதிதில் என் பகுதியில் மட்டும் நான்கு சைக்ஸ்கள். ஒருவரோடு ஒருவர் சொந்தமா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சைக் என்றால் இங்கத்துப் பேச்சில் சின்ன ஓடை. மேட்டு நிலத்துச் சதுப்பிலிருந்து கசிந்து இறங்கி, பெரும்பாலும் இரண்டு நிலங்களுக்கு நடுவில் எல்லையாக ஓடுவது. அதன் கரையில் குடியிருந்தவன் ஓடைக்காரன். நம் ஊரில் கண்மாய்க்கரை வீட்டுக்காரர் என்று சொல்வோமே, அதேதான். நம் ஆள் வீடு மாறினால் அந்தப் பெயரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவார். இவர்கள் ஓடையை விட்டு எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

1066-இல் நார்மன்கள் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் இந்தப் பழக்கம் மெல்ல வேர்விட்டது. முதலில் நிலப்பிரபுக்கள், அப்புறம் குடியானவர்கள். ஏறக்குறைய 1400 வாக்கில் அநேகமாக எல்லோருக்கும் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் பெயர் ஒன்று வந்துவிட்டது. பக்கத்தில் வேல்ஸ்காரர்கள் மட்டும் நெடுங்காலம் நம்மைப் போலவே இருந்தார்கள். ஹவலின் மகன் என்றால் 'அப் ஹவல்'. அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். ஆங்கிலேயச் சட்டமும் எழுத்தரும் வந்து அழுத்தியபோது அப்படியே உறைந்துபோய்ப் 'பவல்' ஆயிற்று. 'அப் ரிச்சர்ட்' பிரிட்சர்ட் ஆனது, 'அப் ரீஸ்' பிரைஸ் ஆனது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு நடந்ததும் அதுதானே!

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று ஏஜெண்டு சொன்னதால் அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் முத்தையா. மருத்துவரிடம் போய்க் காத்திருந்து அந்தப் பெயரை அழைத்தால் நானும் மகனும் ஒன்றாக எழுந்திருப்போம். என் மனைவி திருமதி முத்தையா, அது என் அம்மாவின் பட்டம்! அம்மா ஒருமுறை இங்கே வந்திருந்தபோது தபால்காரர் வாசலில் நின்று பொட்டலத்தைப் பார்த்து 'முத்தையா' என்று உரக்கப் படித்தார். ஐம்பது ஆண்டு வாழ்ந்தும் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

சரி, சைக்ஸ் கதைக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் பிரையன் சைக்ஸ் என்று ஒரு மரபியல் பேராசிரியர் இருந்தார், 2020-இல் காலமானார். ஒரு மருந்து நிறுவனத்தின் தலைவருக்கும் அதே குடும்பப் பெயர். நீங்கள் உறவா என்று யாரோ கேட்கப்போய், பார்த்துவிடலாமே என்று தோன்றியிருக்கிறது. ஒய் குரோமோசோம் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. இங்கே குடும்பப் பெயரும் அதே வழியில்தான் இறங்குகிறது. அப்படியானால் இரண்டும் ஜோடியாக வந்திருக்க வேண்டும் அல்லவா? யார்க்‌ஷயரிலும் அண்டை மாவட்டங்களிலும் சைக்ஸ் பெயர்க்காரர்களுக்குக் கடிதம் போட்டு, 48 ஆண்களின் மாதிரியை வாங்கிச் சோதித்தார். ஓடைகள் ஆயிரம் இருக்கின்றன, ஓடைக்கரையில் குடியிருந்தவர்களும் ஆயிரம் பேர், ஆகவே எல்லாம் கலவையாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் 48-இல் 21 பேருக்கு அச்சு அசலாக ஒரே வடிவம். ஒப்பிட எடுத்த மற்ற பெயர்க்காரர்கள் ஒருவரிடமும் அது இல்லை. பேராசிரியரும் அந்த 21 பேர் பக்கம்தான். 2000-இல் வெளியான இந்த ஆய்வு, ஊர் நிறைந்த சைக்ஸ்களுக்கு மூலபுருஷன் ஒருவனே என்று சொல்லிற்று. அன்று ஒய் குரோமோசோமில் பார்த்தது நான்கே நான்கு இடங்கள். இன்று காசு கொடுத்தால் நூற்றுக்கணக்கான இடங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இது வேதவாக்கு. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் 37 இடச் சோதனைக்குப் பணம் கட்டினார். ஏப்ரலில் முடிவு வந்தது. ஒரு வாரம் ஆளைக் காணோம். தோட்டத்து வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு தினமும் வானிலை பேசுகிறவர், திரைச்சீலையைக்கூட விலக்கவில்லை. நானே தேநீர் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். மேசை மேல் ஒரு தாள். ஒரு பக்கம் மூல சைக்ஸ் வரிசை, எதிரே இவருடைய எண்கள். வரிக்கு வரி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். ஒட்டவே இல்லை. "அப்படியானால் நான் யார்?" என்று கேட்டார். எழுபத்துமூன்று வயது மனிதர்.

எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் 2012-இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் எலும்புக்கூடு கிடைத்ததே, தாய்வழி டி.என்.ஏ. கச்சிதமாகப் பொருந்திற்று, தந்தைவழியில் இன்று உயிரோடிருக்கும் உறவினர்களோடு பொருந்தவில்லை. இடையில் எங்கோ வழி மாறியிருக்கிறது. அரச வம்சத்துக்கே அந்தக் கதி என்றால் ஓடைக்கரைக்காரருக்கு என்ன? கொஞ்சம் சிரித்தார்.

இப்படிப் பெயரும் ரத்தமும் பிரியும் வீதம் தலைமுறைக்கு 1.3 விழுக்காடு என்று சைக்ஸ் ஆய்வே கணக்கிட்டது. பத்துக்கு ஒரு பிள்ளை அப்பனுடையதல்ல என்று மதுக்கடையில் அளப்பார்கள், நம்பாதே. ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சின்ன எண்ணே எழுநூறு ஆண்டில், அதாவது 23 தலைமுறையில், நான்கில் ஒருவரைப் பிரித்துவிடும். அதற்குக் கள்ளத்தனம்தான் காரணம் என்று நினைத்துவிடாதே. தத்தெடுத்த பிள்ளை உண்டு, இரண்டாம் கணவரின் பெயரை வாங்கிக்கொண்ட பிள்ளை உண்டு.

இவர் விஷயத்தில் இன்னொன்று. ஜூன் மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு வேக்ஃபீல்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனார். தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டின் படச்சுருள். 1841-ஆம் ஆண்டு, அவருடைய பாட்டனாரின் அப்பா. பெற்றோர் பெயர் என்ற கட்டத்தில் தாய் பெயர் மட்டும், அவள் குடும்பப் பெயர் சைக்ஸ். தொழில் என்ற கட்டத்தில் 'மணமாகாதவள்' என்று எழுதியிருந்தது. நல்ல கையெழுத்து, ஒரு மசிப்பொட்டுக்கூட இல்லை. அதையே ஒரு தொழிலாக எழுதிவைத்த பாதிரியாரை என்னவென்று சொல்வது! ஆக, இவர் சைக்ஸ் வம்சம்தான். பெண் வழியில் வந்தவர். அதைப் பார்க்க ஒய் குரோமோசோமுக்குக் கண் கிடையாது. அவர் அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவளுக்குப் பத்தொன்பது வயது இருந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

உன் பேரனுக்கு இதையும் சொல். இதே யார்க்‌ஷயரில் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் அரிய குடும்பப் பெயர் ஒன்று. ஆய்வாளர்கள் பெயரை வெளியிடவில்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அந்தப் பெயருள்ள 18 பேரைச் சோதித்தபோது 7 பேருக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே காணப்படும் ஒய் வடிவம் இருந்தது. பார்த்தால் அசல் வெள்ளைக்காரர்கள், வீட்டில் அப்படி ஒரு கதையும் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டிலோ அதற்கு முன்போ ஒரு ஆப்பிரிக்கர் வந்து சேர்ந்திருக்கிறார். ரோமானியப் படையிலேயே வட ஆப்பிரிக்க வீரர்கள் இங்கே வடக்கே ஹேட்ரியன் சுவரில் காவல் இருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் அதிசயமும் இல்லை. அதே குழு 2009-இல் 40 குடும்பப் பெயர்களை ஒப்பிட்டது. அட்டன்பரோ போன்ற அரிய பெயரில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஒரே வழி. ஸ்மித்தில் ஒன்றும் தேறவில்லை. கொல்லன் இல்லாத ஊர் ஏது?

சோதனையால் நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், எச், எல், ஆர் என்று ஏதோ ஓர் எழுத்து வரும், தந்தைவழிப் பெருங்கிளை ஒன்றின் பெயர். அந்த எழுத்துகள் சாதிப் பெயர்களுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் பல ஆயிரம் ஆண்டு முந்தியவை, எல்லா சாதியிலும் கலந்து கிடக்கின்றன. காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு, மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் எம்130 என்ற ஒய் குரோமோசோம் குறியைக் கண்டுபிடித்தது நினைவிருக்கிறதா? ஆப்பிரிக்காவிலிருந்து கரையோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்தவர்கள் விட்டுப்போன தடம். அது பெரிய விஷயம். ஆனால் உன் தாத்தாவின் அப்பா பெயரை அது சொல்லாது. எழுநூறு ஆண்டு பின்னால் போனால், தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பாகி, உனக்கு முன்னோர் இடங்கள் 83,88,608. ஏறக்குறைய 84 லட்சம். உன் அப்பா யோனி பேதம் என்று கதை சொல்வாரே, அதே எண்! அதில் ஒய் காட்டுவது ஒரே ஓர் இடத்தை.

1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை உதறச் சொன்னதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. பட்டம் போய் முன்னெழுத்து நின்றது. அதுவோ தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. நமக்கு நூல் பிடித்துப் போக இருப்பது வேறொன்று. பேரன் என்பதே பெயரன்தானே? தாத்தா பெயரைத் தாங்குகிறவன். என் தாத்தா கருப்பையா, அவருடைய அப்பா முத்தையா, அவருக்கும் முன்னால் கருப்பையாவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். இங்கே வந்து முத்தையா குடும்பப் பெயராக உறைந்துவிட்டதால் அந்த ஊஞ்சல் நின்றுபோயிற்று. மகனுக்குப் பிள்ளை பிறந்தால் என் பெயரை வைப்பானாம், பழனி முத்தையா. கூப்பிட்டால் இனி மூன்று பேர் எழுந்திருக்க வேண்டும்.

பணம் கொடு, வேண்டாம் என்று சொல்லாதே. ஆனால் அதற்கு முன்னால் அவனை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கீழத்தெரு அத்தை வீட்டுக்கு அனுப்பு. அவருக்கு 91 ஆகிறது. உங்கள் பங்காளி வீட்டுப் பெயர்கள், எங்கள் பெயர்கள், கட்டிக்கொடுத்த பெண்களின் பெயர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும், அதில் மேலக்காட்டு வயலின் கிரயப் பத்திரம். முதல் பக்கத்தில் 'முத்தையா குமாரர் கருப்பையா' என்று இருக்கும். அந்த முத்தையாவுக்கும் முந்திய பெயர் அதில் எங்காவது வருகிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல். அத்தைக்குக் காது கேட்காது, வலது பக்கம் உட்கார்ந்து பேச வேண்டும். வெற்றிலை வாங்கிப்போகச் சொல்.

அன்புடன்,
பழனி