சாமி கண்ணைக் குத்தாது

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ஞாயிறு ஆராதனைக்கு ஆட்டோ வேண்டாம் என்று நடந்துதான் வருகிறாள்.

போன வாரம் போனில் பேரனைப் பற்றி நீ கோபமாகக் கேட்டாய். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்னு நெனச்சு ராத்திரியெல்லாம் அழறான். நேசிக்கிற தகப்பன்னு சொல்லிட்டு அவருக்கே பயப்படுன்னா, பிள்ளைக்கு நான் என்னப்பா சொல்றது?" அப்படிச் சொன்னது யாரென்று நீ கேட்கவில்லை. மே லீவில் நான்தான் சொன்னேன். தப்புதான் கண்ணு.

எங்கள் பிரசங்கங்களில் தேவபயம் என்றதும் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் வந்துவிடும். பயந்து ஓட்டுகிறவன் பத்திரமாக மேலே போவானாம். எனக்கு அது ஒட்டுவதே இல்லை. அது உயிர்ப்பயம். பைபிளில் லேவியராகமம் 19:14-ஐ எடுத்துப் பார். செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு என்கிறது. திட்டியது செவிடனுக்குக் கேட்காது. கல்லை வைத்தவன் யாரென்று குருடனுக்குத் தெரியாது. மாட்டிக்கொள்ள வழியே இல்லாத இடத்தில்தான் அந்தப் 'பயந்திரு' வருகிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மலைமேல் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தபோது, காப்பிப் பழ சீசனில் சாயங்காலம் மூட்டைகளைத் தராசில் மாட்டி ஆளாளுக்கு எடை எழுதுவேன். கிலோவுக்குத்தான் கூலி. பழத்தைத் தோலுரிக்கிற பல்பர் மிஷினுக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுக்கும்போது எடை குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். துரைக்குப் பயந்து, சாக்கின் எடைக்கு ஒரு கிலோ கழிக்க வேண்டிய இடத்தில் இரண்டு கழித்தேன். எல்லாரிடமும் இல்லை. முள்ளைப் பார்த்துக் கணக்குக் கேட்கிறவர்களுக்குச் சரியாகவே எழுதினேன். கண்ணில் புரை விழுந்த ஒரு பாட்டி இருந்தார். அவர் கூலியில்தான் தினமும் கை வைத்தேன். இரண்டு சீசன்.

ஒரு ஞாயிறு கோயிலில் பாடம் வாசிக்கிற முறை எனக்கு வந்தது. அன்றைய பாடம் அந்த லேவியராகம அதிகாரம். 14-ஆம் வசனத்தில் குரல் எழவில்லை. எகிப்தில் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் தேவனுக்குப் பயந்தார்கள், அதனால் பார்வோன் கொல்லச் சொன்ன ஆண்பிள்ளைகளை உயிரோடே காப்பாற்றினார்கள். நான் துரைக்குப் பயந்து ஒரு கிழவியின் கூலியைத் திருடினேன்.

பாட்டி இருந்த லைன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிப் பணத்தை வைத்தேன். போகும் வழியெல்லாம் ஒரே பயம், ஊரெல்லாம் சொல்லிவிடுவாரோ, வேலை போய்விடுமோ என்று. அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, "குளிருது, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க ரைட்டரய்யா" என்றார். மறுநாள் தராசின் முன் நின்றபோது கை நடுங்கியது. அவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்று தெரிந்தும் நடுங்கியது.

"உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு" என்று 130-ஆம் சங்கீதத்தில் வருகிறது. அதுவரை எனக்கு அது குழப்பமான வசனம். மன்னிப்பார் என்றால் பயம் போகத்தானே வேண்டும்? அந்தக் காப்பியைக் குடித்த பிறகுதான் விளங்கியது. பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று அன்றைக்குப் போனில் நீ சொன்ன வசனமும் சரிதான். லைனுக்குப் போகும்போது இருந்த பயம் அப்படித்தான் போனது. மறுநாள் வந்தது வேறு. சீனாய் மலையடியில் மோசேயும் "பயப்படாதிருங்கள்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் தேவனைப் பற்றும் பயம் உங்கள் முன் இருக்கட்டும் என்கிறார்.

பிள்ளைக்கு இப்போதைக்கு இதெல்லாம் வேண்டாம். சாமி யார் கண்ணையும் குத்தாது, தாத்தா சொன்னது பொய் என்று சொல். போனைக் கொடு, நானே மன்னிப்புக் கேட்கிறேன். பெரியவனானதும் பாட்டி கதையை நீ சொல்லு.

அப்புறம், காப்பித்தூள் ஒரு கிலோ பார்சலில் போட்டிருக்கிறேன். நிறுத்துப் பார், கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா