கேலன் கர்னல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க நாடான அங்கோலாவின் உள்நாட்டுப் போரில் 1976இல் பணத்துக்காகச் சண்டை போடப் போன கூலிப்படையினர் பற்றி, சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களின் தளபதியாக இருந்த, ‘கர்னல் கேலன்’ என்று அறியப்பட்ட கோஸ்டாஸ் ஜார்ஜியூவை ‘பிரிட்டிஷ் பாராசூட் படையின் முன்னாள் கர்னல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்தப் படையில் அவர் வெறும் சிப்பாய். கர்னல் பட்டம் அவரே தனக்குச் சூட்டிக்கொண்டது. சின்னப் பிழைதானே என்று விட்டிருப்பேன். ஆனால் ‘ஒரு பெரிய வீரன் வழி தவறினான்’ என்ற கட்டுரையின் கதையே அந்தப் பட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

ஜார்ஜியூ சைப்ரஸில் பிறந்து, சிறுவனாகக் குடும்பத்தோடு பிரிட்டனுக்கு வந்தவர். பாராசூட் படையின் முதல் பட்டாலியனில் சேர்ந்தார். குறி பார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர் என்று பெயர். வட அயர்லாந்தில் பணியில் இருந்தபோது, 1972இல், இன்னொரு பாராசூட் வீரருடன் சேர்ந்து ஓர் அஞ்சலகத்தில் கொள்ளையடித்து மாட்டிக்கொண்டார். 5 ஆண்டு சிறைத் தண்டனை, ராணுவத்திலிருந்து நீக்கம். பாராசூட் படைக்கும் கூலிப்படைக்கும் நடுவே இருந்த இந்தச் சிறைவாசத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அங்கோலா 1975 நவம்பர் 11இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றது. தலைநகர் லுவாண்டா, கியூபப் படைகளின் துணையோடு எம்பிஎல்ஏ என்ற இடதுசாரி இயக்கத்தின் கையில் இருந்தது. அதை எதிர்த்து வடக்கே தோற்றுக்கொண்டிருந்த எஃப்என்எல்ஏ இயக்கத்தின் தலைவர் ஹோல்டன் ராபர்ட்டோவுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டது. அவருக்குப் பின்னால் பக்கத்து நாடான ஜயரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதிபர் மொபுட்டுவும், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் பணமும் இருந்தன. பிரிட்டனில் ஆள் சேர்ப்பு தொடங்கியது. வாரம் 150 பவுண்டு என்றார்கள். அன்றைக்கு அங்கே ஒரு தொழிலாளியின் சராசரி வாரக் கூலியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வந்தவர்களில் முன்னாள் பாராசூட் வீரர்களும் உண்டு, போர்க்களத்தையே பார்க்காதவர்களும் உண்டு. ஓட்டுநர், மெக்கானிக் வேலை என்று நம்பி விமானம் ஏறியவர்களும் உண்டு.

கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன மக்கேலா சம்பவத்தைத்தான் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஜனவரிக் கடைசியில் புதிதாக வந்து இறங்கியவர்களில் இருபது பேருக்கு மேல், சண்டை போட நாங்கள் வரவில்லை என்றார்கள். அவர்களை மக்கேலா டோ சோம்போ என்ற ஊரில் விட்டுவைத்தார்கள். எதிரி நெருங்கிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. பயந்துபோன இவர்கள், வந்த லேண்ட்ரோவர் வண்டியைச் சுட்டார்கள். அதில் இருந்ததோ சொந்தக் கூட்டத்து ஆட்கள். எல்லையை நோக்கி ஓடியவர்களைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். நான்தான் சுட்டேன் என்று ஒப்புக்கொண்டவரைக் கேலன் அங்கேயே தன் கையால் சுட்டுக் கொன்றார். மற்றவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய், தன் ஆட்களைவிட்டுச் சுடச் சொன்னார். மொத்தம் 14 பேர். நாள் 1976 பிப்ரவரி 1. விசாரணை என்று ஒன்று பெயருக்குக்கூட நடக்கவில்லை. இதைச் செய்தவரைத்தான் ‘கண்டிப்பான தளபதி’ என்கிறது கட்டுரை!

சில நாட்களில் கேலன் காயத்தோடு பிடிபட்டார். ஜூன் மாதம் லுவாண்டாவில் 13 பேர் மீது வழக்கு நடந்தது. நான்கு பேருக்கு மரண தண்டனை, மற்றவர்களுக்கு 16 முதல் 30 ஆண்டுகள் வரை சிறை. ஜூலை 10இல் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான டேனியல் கியர்ஹார்ட் என்ற அமெரிக்கர், வியட்நாமில் போரிட்டவர், நான்கு குழந்தைகளின் தகப்பன். அங்கோலாவுக்குப் போன சில நாட்களிலேயே பிடிபட்டவர். கேலனுக்கும் இவருக்கும் ஒரே தண்டனை சரியா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. அதையாவது கட்டுரை தொட்டிருக்கலாம்.

அப்புறம், இவர்களை விமானத்தில் ஏற்றியவர்கள் என்ன ஆனார்கள்? அயல்நாட்டுப் படைகளுக்கு ஆள் சேர்ப்பதைத் தடுக்க பிரிட்டனில் 1870ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அங்கோலா விவகாரத்தில் ஆள் சேர்த்த ஒருவர்கூட அதன்படி தண்டிக்கப்படவில்லை. இந்த விவகாரத்தை ஆராய அரசு அமைத்த டிப்லாக் குழு அதே 1976இல் அறிக்கை கொடுத்தது. கூலிக்குப் போரிடப் போகிறவனைத் தண்டிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, ஆள் சேர்ப்பதைக் கட்டுப்படுத்துங்கள் என்றது அந்தக் குழு. புதிய சட்டம் வரவில்லை. 1977இல், போர்க்கால விதிகளைச் சொல்லும் ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறை, கூலிப்படையினர் யார் என்பதற்கு ஆறு நிபந்தனைகள் வைத்தது. ஆறும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். சம்பளத்தைக் கொஞ்சம் மாற்றிக் காட்டினாலோ, அந்த நாட்டுப் படையில் பெயரளவுக்குச் சேர்த்துக்கொண்டாலோ தப்பித்துவிடலாம். 1989இல் வந்த ஐ.நா. உடன்படிக்கை கூலிப்படைக்கு ஆள் சேர்ப்பதையும் பணம் கொடுப்பதையும் குற்றம் என்கிறது. அது நடைமுறைக்கு வரவே 2001 ஆயிற்று. பிரிட்டனும் அமெரிக்காவும் அதில் சேரவில்லை.

இந்த வரிசையில் இன்னும் கட்டுரைகள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த முன்னாள் பாராசூட் வீரரை எடுக்கும்போது, அவர் எத்தனை முறை குதித்தார் என்பதோடு நிறுத்திவிடாமல், அவரைத் தேடிப்பிடித்தவர் யார், பணம் எந்தக் கையிலிருந்து வந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ‘கர்னல்’ விஷயத்தில் திருத்தம் ஒன்று அடுத்த இதழிலேயே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்