தெருவோரம் கொஞ்சம் மண்ணை விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரியில் நாங்கள் வீடு கட்டியபோது வாசலுக்கு மூன்று படி வைத்தோம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே அடுத்தடுத்து ரோடு போட்டதில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு படி. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரே உத்தரவிட்டார். கடைசியாகப் போட்டவர்கள் ஓரத்து மண்ணையும் விடவில்லை. காம்பவுண்டு சுவர் வரை கான்கிரீட். நான் வைத்து வளர்த்த புங்கமரத்தின் அடியைச் சுற்றிக்கூடப் பூசிவிட்டார்கள். முன்பு ஓர் உழவு மழையை வாசல் மண்ணே குடித்துவிடும். இப்போது அரை மணி நேர மழைக்கே சாக்கடைத் தண்ணீர் அந்த ஒற்றைப் படியையும் தாண்டுகிறது.

2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, அந்த மழையை எந்தத் தெருவும் தாங்காது. நான் பேசுவது வருடா வருடம் பெய்யும் மழையைப் பற்றி. நூறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலமுள்ள தெருவில் 50 மி.மீ. மழை பெய்தால் 30,000 லிட்டர். கோடையில் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் டேங்கரில் இரண்டரை லோடு! மழைநீர் சேகரிப்பை வீடுகளுக்கு 2003-லேயே கட்டாயமாக்கினோம். தெருவில் விழும் மழையை மட்டும் சாக்கடைக்கு விடுகிறோம். நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃபுளோரைடு இருக்கிறதென்று ஒகேனக்கல்லிலிருந்து குடிநீர் கொண்டுவந்த மாவட்டம் இது. மழைத் தண்ணீர் மண்ணில் இறங்குவது நமக்கு எவ்வளவு முக்கியம்!

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ரோட்டோரம் இரண்டு மூன்று அடி அகலத்துக்கு மண்ணை விட வேண்டும். அது ரோட்டைவிட அரை அடியாவது பள்ளமாக இருக்க வேண்டும். மேடாகக் கட்டிய பாத்தியால் பயனே இல்லை. ஓரக்கல்லில் ஆங்காங்கே இடைவெளி விட்டால் தண்ணீர் தானாக உள்ளே வரும். அடியில் ஜல்லி, மேலே மணல் கலந்த மண், அதில் வெட்டிவேர், கல்வாழை. மிஞ்சும் தண்ணீர் மட்டும் கால்வாய்க்குப் போகட்டும். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் 2003-இல் ஒரு குடியிருப்புத் தெருவில் இப்படித்தான் தொடங்கினார்கள். ரோட்டுத் தண்ணீரில் ஆயிலும் அழுக்கும் இருப்பதால் அதை நேராக போர்வெல்லில் விடவே கூடாது, மண் வழியாகத்தான் இறங்க வேண்டும். கொசு வரும் என்பார்கள். ஒன்றிரண்டு நாளில் வற்றிவிடும்படி அமைத்தால் கொசுப்புழு வளர நேரமிருக்காது. வாகனம் நிறுத்த இடம் போகும் என்பதும் உண்மைதான். எங்கள் வாசல் இடத்தை விட்டுக்கொடுக்க நான் தயார்.

போன மாதம் நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் கடப்பாரை எடுத்துப் புங்கமரத்தடி சிமென்டை உடைத்துப் போட்டோம். அடுத்த மழையில் அந்த நாலடிச் சதுரத்தில் தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டே உள்ளே இறங்கியதைக் குடை பிடித்து நின்று பார்த்தோம்.

பின் தெருவுக்கு ரோடு போட இப்போது அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். கான்கிரீட் கலவை வந்து இறங்கும் முன், அந்த ஒரு தெருவிலாவது ஓரத்து மண்ணை விட்டு வரைபடம் போடும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தருமபுரி.