பின்சக்கர ஆக்சிலும் காணாமற்போகும் ஸ்பேசரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய புல்லட் வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பெட்ரோல் டேங்கில் கையால் இழுக்கும் தங்க நிறக் கோடு, குரோமியப் பூச்சு, சீட் தையல் என்று ஒவ்வொன்றையும் ரசித்து எழுதியிருந்த கட்டுரையாளர், அந்த வண்டியின் பின்சக்கரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது எனக்குக் குறையாகப் பட்டது. அம்பத்தூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லேத் எனும் கடைசல் இயந்திரம் ஓட்டியவன் நான். 1976-ஆம் ஆண்டு 350 புல்லட் ஒன்றை இன்றும் ஓட்டி வருகிறேன். புதுப்பித்த வண்டிகளில் நான் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. பின்சக்கரத்தின் நடுவே செல்லும் இரும்புத் தண்டான ஆக்சிலைச் செருகும்போது, அதில் கோக்கும் சிறு இரும்புக் குழாயான ஸ்பேசரைத் தொலைத்துவிடுவதும், பக்கம் மாற்றிப் போடுவதும், அதற்குப் பதிலாக வாஷர்களை அடுக்கிவிடுவதும்தான் அது.

என் வண்டிக்கே அது நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனம் போகும் வழியில் பின்டயர் பஞ்சராகி, சாலையோரக் கடை ஒன்றில் நிறுத்தினேன். அங்கிருந்த தம்பி சுறுசுறுப்பானவர். அரை மணி நேரத்தில் ட்யூபை ஒட்டிச் சக்கரத்தை மாட்டிக் கொடுத்துவிட்டார். நான் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் ஆக்சிலை உருவியிருக்கிறார். வலப்பக்கத்து ஸ்பேசர் கீழே விழுந்து மண்ணுக்குள் உருண்டிருக்கிறது. அதற்கு ஈடாக மூன்று வாஷர்களைப் போட்டு நட்டை முழு பலத்தோடு இறுக்கியிருக்கிறார். இது எனக்குத் தெரியவந்தது இரண்டு வாரம் கழித்து, வளைவில் திரும்பும்போது பின்பக்கம் லேசாக ஆடுவதை உணர்ந்து சக்கரத்தைக் கழற்றியபோதுதான். வாஷர்கள் கிண்ணம்போல் குழிந்திருந்தன. சக்கரம் உருள உதவும் குண்டுகள் கொண்ட பேரிங்கின் உள்வளையம் ஆக்சிலின் மேலேயே சுழன்று, விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் போட்டிருந்தது. நட் தளர்ந்ததால் செயின் இழுப்புக்கு ஆக்சிலின் இடமுனை முன்னால் நகர்ந்து சக்கரம் கோணலாகி, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வெள்ளிபோலப் பளபளத்தது. அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சிறு இரும்புக் குழாய் எதற்காக இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அது எதற்காக என்பதை விளங்கிக்கொண்டால் பிழை வராது. ஆக்சிலின் நட்டை இறுக்கும்போது, பின்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஸ்விங் ஆர்மின் ஒரு கையிலிருந்து மறு கை வரை அதில் கோத்திருக்கும், பிரேக் ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட், ஸ்பேசர், பேரிங்கின் உள்வளையம், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் நடுக்குழாய், மறுபக்கத்துப் பேரிங்கின் உள்வளையம், வெளி ஸ்பேசர் ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று முட்டி, ஒரே கம்பிபோல இறுகி, அசையாமல் நிற்க வேண்டும். பேரிங்கின் வெளிவளையமும் ஹப்பும் டயரும் மட்டுமே அதைச் சுற்றி உருள வேண்டும். இந்த வரிசையில் ஏதாவது ஒன்று அரை மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டாலும் நட்டின் இறுக்கம் பேரிங்கை முழுதாக வந்து பிடிக்காது. ஸ்விங் ஆர்மின் கைகளை உள்ளே வளைப்பதிலேயே அது செலவாகிவிடும். நட் இறுகிவிட்டதாகக் கைக்குத் தெரியும், உள்ளே பேரிங் தளர்வாக நிற்கும். ஓட ஓட அந்த நட் தானே கழலத் தொடங்கும்.

நடுக்குழாயின் கதை இன்னும் மோசம், ஏனெனில் அது வெளியே தெரியாது. பேரிங் மாற்றும்போது பழையதைத் தட்டி வெளியேற்றிவிட்டு, குழாயைத் திரும்ப வைக்க மறந்தே புதிய பேரிங்குகளை அடித்துவிடுபவர்கள் உண்டு. அப்படி மறந்தாலும், வைத்த குழாய் தேய்ந்து குட்டையாக இருந்தாலும், நட்டை இறுக்க இறுக்க இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டு, குண்டுகள் தங்கள் தடத்தின் நடுவை விட்டு விளிம்பில் நசுங்கும். அந்த பேரிங் சூடேறி, கிரீஸ் உருகி, நீலம் பாரித்துப் போகும். நெடுஞ்சாலையில் அது இறுகிப் பிடித்துக்கொண்டால் ஓட்டுபவரின் கதி என்ன என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, செயினைக் கழற்றி, பிரேக் ராடைத் தளர்த்திவிட்டு, நட்டை இறுக்கும் முன் சக்கரத்தை ஒரு முறை கையால் சுற்றிவிட வேண்டும். இறுக்கிய பின் இன்னொரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே மாதிரி உருண்டால் வரிசை சரியாக இருக்கிறது. முன்பு தாராளமாகச் சுற்றிய சக்கரம் இறுக்கிய பின் கனத்துவிட்டால், நட்டைத் தளர்த்தி ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது. உள்ளே ஓர் அளவு தவறியிருக்கிறது, சக்கரத்தை மறுபடி கழற்றியே ஆக வேண்டும். இறுக்கிய பின் டயரை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ‘டக்’ என்று ஓர் அசைவு தென்பட்டாலும் அப்படியே.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து, திருவொற்றியூரில் வேரூன்றிய இந்த வண்டி, இங்கிலாந்தில் உற்பத்தி நின்ற பிறகும் நம் ஊரில் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அதே உருவத்தில் வந்துகொண்டிருந்தது. அதனால் எல்லா புல்லட்டுக்கும் ஒரே ஸ்பேசர்தான் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். உருவம் மாறாவிட்டாலும் ஹப்பும் பிரேக் டிரம்மும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. ஆக்சிலில் ஏறிவிட்டது என்பதற்காக ஒரு ஸ்பேசர் அந்த வண்டிக்கு உரியது ஆகிவிடாது. ஆக்சிலிலும் நட்டிலும் வெட்டியிருக்கும் திருகு வரியான மரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அந்தக் கால வண்டிகளில் பல மரைகள் அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை, மில்லிமீட்டர் கணக்கு நட்டை வலுக்கட்டாயமாக ஏற்றினால் இரண்டும் கெடும்.

அசல் ஸ்பேசர் கிடைக்காதவர்கள் லேத்துக்கு வருவார்கள். வருபவர்களில் பாதிப்பேர் அளவு கொண்டு வருவதில்லை. “ஐயா, சுமாரா இவ்வளவு இருக்கும்” என்று விரலைக் காட்டுவார்கள். இதில் சுமார் கணக்கு உதவாது. பழைய ஸ்பேசர் தேயாமல் கையில் இருந்தால் வெர்னியரில் அதன் நீளத்தை எடுக்கலாம். தொலைந்துபோயிருந்தால், சக்கரத்தை அந்த ஸ்பேசர் இல்லாமலே மாட்டி, முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி நிறுத்தி, பேரிங்கின் உள்வளையத்துக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்து வர வேண்டும். ஸ்விங் ஆர்ம் முன்பே வளைந்திருந்தால் அந்த இடைவெளியே பொய் சொல்லும். ஆகவே அதை முதலில் சரிபார்க்க வேண்டும். குழாயை ரம்பத்தால் அறுத்து அப்படியே போடுவது கூடாது. இரண்டு முகங்களும் லேத்தில் சீவி, ஒன்றுக்கொன்று இணையாக, ஆக்சிலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் நட்டை இறுக்கும்போது ஆக்சிலே வளையும். மெல்லிய தண்ணீர்க் குழாயில் செய்து தரும்படி கேட்டவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அழுத்தத்தில் அதன் விளிம்பு பிதுங்கிவிடும்.

மாட்டும்போது வரிசை தப்பாமல் இருக்க, நான் எப்போதும் கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு கட்டுக்கம்பியில் கோத்து, இடம், வலம் என்று சீட்டு கட்டி வைப்பேன். ஆக்சிலைத் துடைத்து மெல்லிதாகக் கிரீஸ் தடவிச் செருகுவேன். பிரேக் பிளேட் சக்கரத்தோடு சுழன்றுவிடாதபடி அதைப் பிடித்திருக்கும் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நட்டைத் தொடுவேன். அந்தப் பிடிப்பு விட்டுப்போனால், முதல் முறை பிரேக்கை அழுத்தும்போதே பிளேட் சுழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும். நத்தை ஓடு போன்ற செயின் அட்ஜஸ்டர்களை இரு பக்கமும் ஒரே பள்ளத்தில் வைப்பேன். ஆயினும் அரை நூற்றாண்டு ஓடிய சட்டத்தில் அந்தக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. என் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே 3.25 x 19 டயர் என்பதால், ஒரு நூலைப் பின்டயரின் பக்கவாட்டை ஒட்டி முன்டயர் வரை இழுத்துப் பிடித்தால் நான்கு இடத்திலும் அது தொட வேண்டும். சக்கரத்தை முழுச் சுற்றும் சுற்றிப் பார்த்து, செயின் எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆடும்படி விடுவேன். கடைசியாக பிரேக் மிதியை அழுத்திப் பிடித்தபடி நட்டை இறுக்கினால், பிரேக் ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமே அமர்ந்துகொள்ளும். செயினின் இரு முனைகளை இணைக்கும் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும் என்பதைப் பழைய மெக்கானிக்குகள் அனைவரும் அறிவார்கள். புதியவர்கள் பலர் அறியவில்லை.

ஐடிஐக்களில் இருசக்கர வாகனப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள், என்ஜினைப் பிரித்துக் காட்டும் நாளுக்கு முன்பே ஒரு பின்சக்கரத்தைப் பிரித்து, இந்த வரிசையை மாணவர்களின் கையாலேயே கோக்கச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பஞ்சர் கடையில் ஆக்சிலை உருவும் நேரத்தில் வண்டிக்காரர்கள் தயவுசெய்து பக்கத்திலேயே நின்று, கீழே விழும் ஒவ்வொரு பாகத்தையும் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். தங்கள் நாளிதழும் அடுத்த முறை பழைய வண்டிகளைப் பற்றி எழுதும்போது, பளபளக்கும் டேங்கின் படத்தோடு, ஒரு பின்சக்கர ஆக்சிலின் பாகங்கள் வரிசையாக அடுக்கப்பட்ட படம் ஒன்றையும் வெளியிட்டால், அதை வெட்டி எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளப் பலர் இருக்கிறார்கள். அந்தப் படத்துக்குத் தேவையானால் என் வண்டியின் சக்கரத்தைக் கழற்றித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேத் தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை